பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் உறவினரைத் தேடுவது: ஜப்பான் கற்ற வழிகள்

2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. வடகிழக்கு ஜப்பானை ஒட்டிய கடலுக்கடியில் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. அடுத்த சில நிமிடங்களில் நாடெங்கும் மக்கள் போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தார்கள். பெரும்பாலோருக்கு மணியே அடிக்கவில்லை. டொகோமோ செல்பேசி நிறுவனம் உச்ச நேரத்தில் வெளிச்செல்லும் குரல் அழைப்புகளில் 90 விழுக்காட்டைத் தடுத்தது. ஏயூ 95 விழுக்காட்டையும் சாஃப்ட்பேங்க் 70 விழுக்காட்டையும் தடுத்தன. லேண்ட்லைனிலும் 80 முதல் 90 விழுக்காடு வரை தடை இருந்தது.

கோபுரங்கள் சாய்ந்து லைன்கள் அறுந்ததால்தான் உறவினரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதில் பாதிதான் உண்மை. தோக்கியோவில் கோபுரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன, அங்கும் பேச முடியவில்லை. லைன் திரும்பி வந்த பிறகும் பல வாரங்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்த குடும்பங்கள் ஏராளம். தேடுகிறவர் சொல்வதும், உயிரோடு இருப்பவர் சொல்வதும் ஒரே இடத்தில் வந்து சேரவில்லை. ஜப்பான் 1995 முதல் கட்டியெழுப்பிய ஏற்பாடுகள் எல்லாமே அந்த ஒரே இடத்தை உண்டாக்கும் முயற்சிகள்தாம்.

லைன் ஏன் அடைத்துக்கொள்கிறது

ஒரு செல்பேசிக் கோபுரம் ஒரே நேரத்தில் சுமக்கக்கூடிய குரல் அழைப்புகளுக்கு எல்லை உண்டு. வழக்கமான நாளில் ஒரு தெருவில் சிலர்தான் ஒரே கணத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற கணக்கில்தான் அதை அமைக்கிறார்கள். 2011இல் அழைப்புகள் வழக்கத்தைப் போல் 50 மடங்குக்கும் மேல் குவிந்தன. அப்படியே விட்டால், அழைப்பை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் கருவிகளே திணறி, ஒரு வட்டாரத்தின் இணைப்பகம் முழுவதும் செயலிழக்கும். அதனால் நிறுவனங்கள் தாமே முன்வந்து பொது அழைப்புகளைத் தடுத்து, 110 (காவல்துறை), 119 (தீயணைப்பு, ஆம்புலன்ஸ்), 118 (கடலோரக் காவல்) ஆகிய எண்களுக்கும் முன்னுரிமைத் தொலைபேசிகளுக்கும் வழிவிடுகின்றன. அழைப்பு போகாதபோது திரும்பத் திரும்ப அமுக்குவதால் பயன் இல்லை. ஒவ்வொரு முயற்சியும் அந்தக் கருவிகளின் சுமையைக் கூட்டுகிறது, பக்கத்துத் தெருவில் இடிபாட்டுக்குள் இருப்பவர் 119ஐ எட்டுவதும் கடினமாகிறது.

குரல் அழைப்புக்கு இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும், பேசி முடியும்வரை தடத்தைப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்றவற்றுக்கு அது தேவையில்லை. துண்டு துண்டாகப் போய், இடம் கிடைக்கும்போது சேரும். 2011இல் தரவுப் போக்குவரத்தில் டொகோமோ மட்டும் சிறிது நேரம் 30 விழுக்காடு தடை வைத்தது, மற்றவை வைக்கவில்லை. ஆனால் மின்னஞ்சல்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். செய்திக்குள்ளேயே நேரத்தை எழுதச் சொல்வது இதனால்தான். மாலை 6 மணிக்கு வந்த ‘நலமாக இருக்கிறேன்’ என்பது சுனாமிக்கு முன்பு எழுதியதா, பின்பு எழுதியதா என்று தெரியாவிட்டால் அந்தச் செய்தி நிம்மதி தராது.

இரண்டாவது அடி மறுநாள் விழுந்தது. மின்சாரம் போனதும் கோபுரங்கள் பேட்டரியில் ஓடின. சாதாரணக் கோபுரத்தில் அது சில மணி நேரத்துக்கே போதும். பேட்டரி தீரத் தீர, அலையில் சிக்காத கோபுரங்களும் அணைந்தன. எல்லா நிறுவனங்களுக்குமாகச் சுமார் 29,000 கோபுரங்களும், லேண்ட்லைனில் சுமார் 19 லட்சம் இணைப்புகளும் செயலிழந்தன. கோபுரங்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது நடுங்கிய அன்றல்ல, 12ஆம் தேதி. ஆகவே நடுங்கி முடிந்த முதல் சில மணி நேரம் விலைமதிப்பற்றது. சிக்னல் காட்டுகிறது, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பேட்டரி தீர்ந்த கோபுரத்தின் கீழ் மாட்டிக்கொள்வீர்கள்.

பின்னர் டொகோமோ, நாடெங்கும் சுமார் 100 இடங்களில் சுற்றிலும் 7 கிலோமீட்டர் தொலைவுக்கு எட்டும் பெரிய நிலையங்களை அமைத்தது. வழக்கமான நாளில் அவை ஓய்வாகவே இருக்கும். அப்படியும் 2024 ஜனவரி 1 நோத்தோ நிலநடுக்கத்தில் வேறொரு பிரச்சினை வந்தது. மலைச்சாலைகள் சரிந்ததால் ஜெனரேட்டருக்கு எரிபொருள் கொண்டுபோக வழியில்லை, ஃபைபர் கேபிளும் சாலையோடு அறுந்திருந்தது. டொகோமோவும், ஏயூ சேவையை நடத்தும் கேடிடிஐயும் கேபிள் பதிக்கும் கப்பல் ஒன்றில் கோபுரக் கருவியை ஏற்றி, வாஜிமா கடற்கரைக்கு அப்பால் நிறுத்தி, கடலிலிருந்து கரைக்குச் சிக்னல் கொடுத்தன. முகாம்களுக்கும் மருத்துவக் குழுக்களுக்கும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவிகள் போயின.

171 என்ற எண்

1995 ஜனவரி 17 காலை 5:46க்கு கோபே நகரம் நடுங்கி 6,434 பேர் இறந்தபோது, கோபேக்குப் போன அழைப்புகள் பல நாள் அடைத்துக்கிடந்தன. அதன் விளைவாக 1998 மார்ச்சில் என்டிடி தொலைபேசி நிறுவனம் 171 சேவையைத் தொடங்கியது. அழைப்பை இணைக்கும் வேலையையே விட்டுவிட்டு, செய்தியை ஓரிடத்தில் வாங்கி வைப்பது அதன் கருத்து. அந்தச் சேமிப்பகம் பாதித்த பகுதிக்கு வெளியே இருக்கும். எனவே நெரிசல் மிகுந்த பாதையில் இரண்டு பேர் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பயன்படுத்தும் முறை: 171ஐ அழுத்தவும். பதிவு செய்ய 1, கேட்க 2. பிறகு பாதித்த பகுதியில் இருப்பவரின் தொலைபேசி எண்ணை, ஊர்க் குறியீட்டிலிருந்து தொடங்கி முழுமையாக. பட்டன் போனானால் 1ஐயும் # குறியையும் அழுத்திவிட்டுப் பேசலாம். ஒரு செய்திக்கு 30 விநாடி. பதிவான குரலில் வரும் வழிகாட்டல் ஜப்பானிய மொழியில்தான். அங்கே வாழும் நம்மவர்கள் மொழி தெரியாவிட்டாலும் இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

இதில் எண்தான் சாவி. பெயரைக் கேட்பதில்லை, முகவரியைக் கேட்பதில்லை. இருவரும் ஒரே எண்ணை அழுத்தினால் மட்டுமே செய்தி சந்திக்கும். நடைமுறையில் இது கவிழ்வதும் இங்கேதான். அப்பா வீட்டு லேண்ட்லைன் எண்ணில் பதிவு செய்திருப்பார், மகள் அம்மாவின் செல்பேசி எண்ணில் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் சரியாகச் செய்தும் எதுவும் கிடைக்காது. எந்த எண்ணைச் சாவியாகக் கொள்வது என்று முன்கூட்டியே குடும்பத்தில் பேசி வைத்திருந்தால் மட்டுமே 171 உதவும். பிறர் கேட்கக் கூடாது என்றால் 3, 4 என்ற தேர்வுகளில் நான்கு இலக்கக் கடவு எண்ணோடு பதியலாம். ஆனால் பதற்றத்தில் அதுவும் மறந்துபோகும். சாதாரணக் குடும்பத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த 30 விநாடியில் அழுகையும் நலம் விசாரிப்பும் இடம் பிடித்துக்கொள்கின்றன. சொல்ல வேண்டியவை ஐந்து: யார், இப்போது மணி என்ன, எங்கே, யாரோடு, அடுத்து எங்கே போகிறோம். “குமார் பேசுகிறேன். 11ஆம் தேதி மாலை 5 மணி. நானும் இரண்டு பிள்ளைகளும் வடக்குத் தொடக்கப்பள்ளி முகாமில் இருக்கிறோம். காயம் இல்லை. அம்மாவை இன்னும் பார்க்கவில்லை. இங்கேயே இருப்போம். இரவு 9 மணிக்கு மறுபடி கேட்பேன்.” 20 விநாடிகூட ஆகாது. கடைசி வாக்கியம் முக்கியம். மறுமுனையில் இருப்பவருக்கு எப்போது பதில் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளில் 171ஐப் பழகிப் பார்க்கத் திறந்து வைக்கிறார்கள். புத்தாண்டின் முதல் மூன்று நாளும், ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 5 வரையும் திறந்திருக்கும். ஒரு முறை செய்து பார்த்தவருக்கும் கேள்விப்பட்டதோடு நின்றவருக்கும் உள்ள தூரம் பெரியது.

வெளிநாட்டிலிருந்து 171ஐ அழைக்க முடியாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பெற்றோருக்கு உரியது அதன் இணையப் பதிப்பான வெப்171. அங்கும் தொலைபேசி எண்தான் சாவி, ஆங்கிலத்திலும் படிக்கலாம், எழுதலாம். ஒரு செய்திக்கு 100 எழுத்துகள். ஜப்பானுக்கு நேரடியாக அழைத்துக்கொண்டே இருப்பதை விட, ஒருமுறை அங்கே எழுதி வைப்பது இருவருக்கும் நல்லது.

பச்சை நிறப் பொதுத் தொலைபேசிகளை ஜப்பான் இன்னும் முழுவதும் எடுத்துவிடாததற்குக் காரணம் உண்டு. பேரிடரில் அவற்றின் வெளி அழைப்புகளுக்கு முன்னுரிமை, பெரிய பேரிடரில் கட்டணமும் இல்லை. சில வகைகளில் மட்டும் 10 யென் நாணயம் போட்டால்தான் இணைக்கும், பேசி முடித்ததும் அது திரும்பி வரும். முகாமாகும் பள்ளிகள் பலவற்றில் தொலைபேசிக்கான சுவர்த் துளை மட்டும் முன்கூட்டியே பதித்திருக்கிறது. முகாம் திறந்ததும் அலமாரியிலிருந்து கருவியை எடுத்துச் செருகினால் வேலை செய்யும். வெளியே அழைக்க மட்டுமே முடியும் என்பதால், அந்த எண்ணைக் கொடுத்து “திரும்பக் கூப்பிடு” என்று சொல்லாதீர்கள். வைஃபையில் ஐந்து சுழியங்களோடு தொடங்கி ஜப்பான் என்று முடியும் பெயர் தெரிந்தால், அது பேரிடர்க் காலப் பொது இணைப்பு. 2016 குமாமோத்தோ நிலநடுக்கத்தில்தான் முதன்முதலில் உண்மையான பேரிடரில் திறந்தார்கள். கடவுச்சொல் இல்லை, மறையாக்கமும் இல்லை. செய்தி அனுப்பலாம், வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

பேட்டரியைப் பற்றி ஒன்று. சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே தன் சக்தியைக் கரைக்கும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, மணிக்கொருமுறை ஐந்து நிமிடம் திறந்து பார்ப்பது நல்லது. போனே போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரே விடை, நான்கு எண்களை எழுதிப் பர்ஸில் வைத்த காகிதம். சொந்தப் பிள்ளையின் எண் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் இன்று குறைவு.

முகாம் சுவரில் ஒட்டிய பட்டியல்

2011இல் உயிர் பிழைத்தவர்களில் மிகப் பலர் 171க்கோ இணையத்துக்கோ வரவில்லை. அவர்களிடம் போன் இல்லை, அல்லது அலை அடித்துப் போயிருந்தது, அல்லது முதியவர்கள். அவர்கள் செய்தது, ஒதுங்கிய பள்ளியில் நீட்டிய தாளில் பெயர் எழுதியது மட்டுமே. அந்தத் தாள் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் ஒட்டப்பட்டது. உறவினர்கள் முகாம் முகாமாக நடந்து அவற்றைப் படித்தார்கள். தகவல் இருந்தது, ஆனால் அந்தச் சுவரை விட்டு வெளியே வரவில்லை.

அதை வெளியே கொண்டுவந்தது ஓர் எளிய யோசனை. கூகுளின் ஆள்தேடும் தளமான பெர்சன் ஃபைண்டர், நிலநடுக்கத்துக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குள் ஜப்பானுக்காகத் திறந்தது. முந்தைய ஆண்டு ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்காக உருவானது அது. முகாம்களில் இருந்தவர்கள் சுவர்ப் பட்டியல்களைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்பினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அவரவர் வீட்டிலிருந்து அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தார்கள். என்எச்கே ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் செல்பேசி நிறுவனங்களுக்கும் வந்த தகவல்களும் அதில் சேர, பதிவுகள் 6 லட்சத்தைத் தாண்டின.

இப்படிப் பல இடத்துத் தகவல் ஒரு தளத்தில் கலக்க ஒரு பொது வடிவம் வேண்டும். அது 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்குப் பின் உண்டானது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்ததால், ஒரு குடும்பம் பல தளங்களில் மாறி மாறித் தேட வேண்டியிருந்தது. பொது வடிவத்தில் ஆளுக்கு ஒரு பதிவு. அதன் கீழே தேதியோடு எத்தனை குறிப்புகள் வேண்டுமானாலும். ‘நான்தான் அவர்’, ‘உயிரோடு இருப்பதாக அறிகிறேன்’, ‘தேடுகிறேன்’ என்று ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு நிலை. பழைய குறிப்பை அழிக்காமல் புதியதைக் கீழே சேர்ப்பது இதன் பலம். யார் சொன்னார், எப்போது சொன்னார், கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்று படிப்பவரே எடைபோட முடிகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அதன் பலவீனம். மரணச் செய்தி என்றால் இன்னொரு வழியில் உறுதிசெய்யாமல் நம்பக் கூடாது.

படித்துத் தட்டச்சு செய்தவர்களை அதிகம் வதைத்தது பெயர்தான். ஒரே ஒலிப்புள்ள ஜப்பானியப் பெயரைப் கான்ஜி எனும் சீன வழி எழுத்துகளில் பல விதமாக எழுதலாம். ஒரே கான்ஜிக்குப் பல ஒலிப்புகள் உண்டு. அதனால் நல்ல முகாம் படிவத்தில் பெயருக்கு மேலே ஒலிப்பு எழுத ஒரு வரி இருக்கும். பிறந்த தேதி, வயது, ஊர், தொலைபேசி எண், பெயரை வெளியிடச் சம்மதமா என்ற கேள்வி ஆகியவையும் இருக்கும். பெரும்பாலும் காலியாகவே கிடக்கும் கட்டம் ஒன்று உண்டு: முகாமை விட்டுப் போன தேதி, போன இடம். மூன்றாம் நாள் சித்தப்பா வந்து அழைத்துப் போகிறார். பெயர் மட்டும் சுவரில் தங்கிவிடுகிறது. அடுத்த நாள் மகன் அங்கே வந்து, இருப்பதாக எழுதிய தாயைக் காணாமல் கலங்குகிறான். குமாமோத்தோவில் அடுத்தடுத்த அதிர்வுக்குப் பயந்து பல குடும்பங்கள் காரிலேயே தூங்கின. அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

தமிழர் பெயர்களுக்கு இது இரண்டு மடங்கு சிக்கல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஜப்பானிய ஊழியர் அந்தப் பெயரின் கீழ்தான் பதிவார். ஊரில் யாரும் அவரை அந்தப் பெயரில் கூப்பிட்டதே இருக்காது. காதில் விழுந்தபடி கத்தகானா எனும் ஒலிப்பு எழுத்தில் எழுதும்போது ர, ல, ள, ழ நான்கும் ஒரே வரிசையில் விழும். ஆகவே தேடும்போது பெயரை முன்னும் பின்னும் மாற்றி, ஒலிப்பை மாற்றி, பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஜப்பானில் வாழும் வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் வசிப்பு அட்டையில் இருக்கும் ஆங்கில எழுத்துக் கோவையை அப்படியே எழுதிக் குடும்பத்தில் ஒருவராவது வைத்திருக்க வேண்டும். ஒரு போட்டோ எடுத்து வைத்தாலும் போதும்.

பெயரை வெளியிடலாமா

நீண்ட காலம் ஜப்பானிய நகராட்சிகள் காணாமல் போனவர்களின் பெயரை, குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வெளியிடத் தயங்கின. தயக்கத்தின் விலை 2021 ஜூலையில் அத்தாமி மண்சரிவில் தெரிந்தது. யாரைத் தேடுவதென்றே தெரியாமல் மீட்புக் குழுக்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. 3ஆம் தேதி சரிவு. 5ஆம் தேதி, இருக்குமிடம் தெரியாத 64 பேரின் பெயரை வெளியிட்டார்கள். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அவர்களே அழைத்தார்கள், தெரிந்தவர்கள் அழைத்தார்கள். ஓரிரு நாளில் அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருப்பது உறுதியானது. உண்மையில் மண்ணுக்குள் இருப்பவர்களின் பட்டியல் சுருங்கியது, எந்த வீட்டைத் தோண்ட வேண்டும் என்பது தெளிவானது. 2023 மார்ச்சில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டு, இடிபாட்டில் உயிர் தப்பும் வாய்ப்பு வேகமாகக் குறையும் முதல் 72 மணி நேரத்தை மனத்தில் கொண்டு, சம்மதத்துக்குக் காத்திராமல் பெயரை வெளியிட வழி செய்தது. நோத்தோவில் இஷிக்காவா மாநில அரசு மூன்றாம் நாளிலேயே பட்டியலை வெளியிட்டது.

ஒரு விலக்கு அவசியமாக இருக்கிறது. அடிக்கும் கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண்ணின் பெயரும் ஊரும் அந்தப் பட்டியலில் வந்துவிடக் கூடாது. முகவரியை மறைத்து வைக்கும்படி நகராட்சியில் ஏற்கனவே விண்ணப்பித்தவர்களின் பெயரை நீக்கிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். முகாம் வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டும் தன்னார்வலர்களுக்கும் இந்தக் கவனம் தேவை. வெளியிடச் சம்மதமா என்ற கட்டம் அதற்காகத்தான்.

கிடைக்காதபோது

2011இல் மினாமிசன்ரிக்கு, ஒனகாவா, ரிக்குசெந்தகாத்தா, ஒத்சுச்சி ஆகிய நான்கு ஊர்களில் குடும்பப் பதிவேடுகளே அலையில் போயின. ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும் ஏடு இல்லாமல் யாரைக் காணோம் என்று எப்படிச் சொல்வது? நீதித்துறை அமைச்சகத்தின் கிளை அலுவலகங்களில் தனியாக வைத்திருந்த நகல்களிலிருந்துதான் அவற்றை மீட்டெடுத்தார்கள். உடல்களை அடையாளம் காண்பதிலும் இதே மாதிரி இடர். டிஎன்ஏவை ஒப்பிட, இறந்தவரின் பல் துலக்கும் பிரஷ், சீப்பில் சிக்கிய முடி போன்றவை வேண்டும். வீடே போன இடத்தில் அவை எங்கே கிடைக்கும்? பல்மருத்துவரின் குறிப்பேடுகளும் மருத்துவமனையோடு அடித்துப் போயிருந்தன. பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரி இருந்தால் ஒப்பீடு எளிது. உடன்பிறந்தவரின் மாதிரி அதற்கு அடுத்த நிலைதான். அதனால் காவல்துறை மாதிரி கேட்டால், நம்பிக்கையை இழந்ததாக ஆகிவிடுமே என்று தள்ளிப்போடாமல் கொடுத்துவிட வேண்டும். 2,500க்கும் மேற்பட்டோர் இன்னும் காணாமல் போனவர்கள் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

தொலைவில் இருக்கும் குடும்பத்தில் பத்துப் பேர் பத்துப் பக்கம் அழைப்பதால் குழப்பமே மிஞ்சும். ஒருவரை நியமித்து, மற்றவர்கள் தமக்குக் கிடைப்பதை அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு நோட்டில் யாரிடம், எத்தனை மணிக்கு, எந்தப் பெயரில் புகார் செய்தோம், பதிவு எண் என்ன என்று எழுதி வைக்க வேண்டும். வெப்171, வேலை செய்யும் நிறுவனம் அல்லது பல்கலைக்கழகம், தூதரகம், செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்புச் சேவை, கடைசியாகப் பார்த்த ஊரின் நகராட்சி, மருத்துவமனை, காவல்துறை என்று வரிசையாகப் போகலாம். கடைசியாகப் பேசிய நேரம், அப்போது இருந்த இடம், உடுத்தியிருந்த துணி, தழும்பு, தினமும் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒரு வாரத்தில் நினைவு மங்கும்.

ஆள் கிடைத்ததும் அந்த நோட்டைத் திறந்து, புகார் கொடுத்த ஒவ்வோர் இடத்துக்கும் ‘கிடைத்துவிட்டார்’ என்று சொல்ல வேண்டும். மகிழ்ச்சியில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. 2011 மார்ச் கடைசியில் இறந்தோர், காணாமல் போனோர் கூட்டுத்தொகை 27,000ஐத் தாண்டியிருந்தது. பின்னர் சரிபார்த்தபோது சுமார் 18,400க்கு இறங்கியது. ஒரே ஆளைத் தாயும் மாமனும் முதலாளியும் தனித்தனியாகப் புகார் செய்ததும், கிடைத்த பின் யாரும் திரும்பச் சொல்லாததும் அதற்குப் பெரிய காரணங்கள். திரும்பச் சொல்லப்படாத ஒவ்வொரு பெயருக்காகவும் ஒரு குழு எங்கோ தேடிக்கொண்டிருக்கிறது. புகார் செய்த அதே பெயரிலும் அதே பதிவு எண்ணிலும் சொன்னால்தான் அந்தப் பதிவு மூடப்படும்.